கறுத்த போஞ்சி விதைக்கு ஆயுள் கூடுவது ஏன்?

வெள்ளை விதைப் போஞ்சியையும் கறுப்பு விதைப் போஞ்சியையும் ஒரே நாளில் காயவைத்து, ஒரே அலுமாரியில் அடுத்த போகம் வரை வைத்திருந்தால், முளைப்பில் முந்துவது பெரும்பாலும் கறுப்புதான். சோயாவிலும் அப்படியே: மஞ்சள் விதை சீக்கிரம் சாகும், கறுப்பு தாக்குப்பிடிக்கும்.

காய்ந்த விதைக்குள்ளும் ஒட்சிசன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கலமென்சவ்வில் உள்ள கொழுப்பை அது மெல்ல அரிக்கிறது. விதையுறைக்குக் கறுப்பும் சிவப்பும் தருகிற அந்தோசயனினும், பழுப்பேற்றும் டானினும் இந்த அரிப்பைத் தூண்டும் மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கக்கூடியவை. 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்து அரபிடோப்சிஸ் செடியில் விதையுறை நிறமி குன்றிய வகைகளைச் சேமித்துப் பார்த்தபோது, அவற்றின் ஆயுள் குறைந்திருந்தது.

போஞ்சியில் இதைவிடப் பெரிய காரணம் தண்ணீர் என்பேன். வெள்ளை விதையின் உறை ஈரத்தை வேகமாக உள்ளே விடும். ஈர மண்ணில் விழுந்ததும் தண்ணீர் பாய, வித்திலைகளின் வெளிக்கலங்கள் கிழிந்து சர்க்கரையும் உப்புகளும் கசிகின்றன; அந்தக் கசிவைத் தின்றே மண்ணின் பூஞ்சணம் விதையை அழுகவைக்கிறது. நிறமேறிய உறை தண்ணீரை மெதுவாக விடுவதால், சவ்வுகள் தம்மைச் சீர்செய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. பழைய விதையில் சவ்வு ஏற்கெனவே நைந்திருக்கும். அங்கேதான் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது.

மலையகத்தின் குளிர் விதையைக் காக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், ஈரம் 1 சதவீதம் கூடினால் பாதியாகும் என்பது அமெரிக்க விதையியலாளர் ஹாரிங்டன் தந்த விதி. கொழும்பைவிட நுவரெலியா 10 பாகைக்குச் சற்று மேல் குளிர். ஆயுள் 4 மடங்கு கூட வேண்டும். ஆனால் 11 சதவீத ஈரத்துடன் வைத்த விதை, பனியும் மழையும் ஓயாத மாதங்களில் திறந்த சாக்கில் கிடந்து 14 சதவீதத்தை எட்டினால், ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். குளிர் கொடுத்ததை ஈரம் வட்டியோடு பறித்துக்கொள்கிறது! லயத்து வீடுகளில் விதையை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது, இந்தக் கணக்கில் மிகச் சரியான யோசனை. நன்றாகக் காய்ந்தபின் காற்றுப் புகாத போத்தலில் அடைத்துவிட்டால் இன்னும் நல்லது.

உறையின் நிறத்தைப் பூவிலேயே ஊகிக்கலாம். பட்டாணியில் வெள்ளைப் பூச் செடிக்கு நிறமற்ற உறையும், ஊதாப் பூவுக்கு நிறமேறிய உறையும் வருவதை மெண்டல் 1866இல் எழுதிவைத்தார். போஞ்சியிலும் வெள்ளை விதைச் செடி வெள்ளையாகவே பூக்கும்.

ஆனால் வெள்ளை விதையில் பிறகு படிந்த சாம்பல் கறையை இந்த நிறமியோடு சேர்க்கக் கூடாது. அது பெரும்பாலும் பூஞ்சணம். புள்ளிப் போஞ்சியின் வெளிர் பகுதி நாளடைவில் பழுப்பாவதும் வேறு கதை: உறையிலுள்ள டானின் வகைப் பொருள் ஒட்சியேறுவதால் வருவது அது, சூடும் ஈரமும் அதை விரைவாக்கும். அப்படிப் பிறகு நிறம் மாறிய விதையில் ஒரு பிடியை ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்த பிறகே பாத்தியில் ஊன்ற வேண்டும்.