ஒரே போன்ல ரெண்டு நம்பர் பேடு எதுக்கு?

உங்க போன்ல டயலரைத் திறந்து பாருங்க, மேல் வரிசையில 1, 2, 3 இருக்கும். அதை மூடிட்டு கால்குலேட்டரைத் திறந்தா மேல 7, 8, 9. ஒரே கண்ணாடி, தட்டுறதும் அதே விரல், ஆனா நம்பர் மட்டும் தலைகீழா நிக்குது. பாதிப் பேர் இதை கவனிச்சே இருக்க மாட்டோம், ஏன்னா நம்ம கை ரெண்டையும் தனித்தனியா பழகி வச்சிருக்கு.

இதுல கால்குலேட்டர் தான் அண்ணன். 1887-ல அமெரிக்காவுல டார் ஃபெல்ட்னு ஒருத்தர் காம்ப்டோமீட்டர்னு ஒரு கூட்டல் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினார். அதுல ஒன்று, பத்து, நூறுன்னு ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் ஒரு நெட்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலயும் கீழ 1-ல ஆரம்பிச்சு மேல 9 வரைக்கும் பட்டன், ஆக மொத்தம் பலகை பூரா பட்டனா தான் இருக்கும். அப்புறம் 1914 வாக்குல சண்ட்ஸ்ட்ராண்ட் மெஷின் வந்து பத்தே பட்டன் போதும்னு சுருக்குச்சு, ஆனா சின்ன நம்பர் கீழ, பெரிய நம்பர் மேலங்கற பழைய வழக்கம் அப்படியே தங்கிடுச்சு. இன்னிக்கு கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு வலது பக்கம் இருக்கற நம்பர் பேடு வரைக்கும் அந்த வம்சம் தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் 1961-ல இங்கிலாந்துல வந்த அனிட்டா. மேசை மேல வைக்கிற எலக்ட்ரானிக் கால்குலேட்டர், உள்ள பல்சக்கரமே கிடையாது, எல்லாம் பழைய ரேடியோவுல இருந்த மாதிரி கண்ணாடிக் குழாய் வால்வு. வெளிய பார்த்தா அதே பழைய காம்ப்டோமீட்டர் மாதிரி பலகை நிறைய பட்டன்! உள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸுக்கு அத்தனை பட்டன் தேவையே இல்ல, ஆனா அதை வாங்கப் போற ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கறவங்க வருஷக்கணக்கா அந்தப் பலகையில கை பழகினவங்க. அவங்களை திரும்ப முதல்ல இருந்து பழக்கறதை விட மெஷினுக்கு பழைய சட்டையை மாட்டி விடறது மலிவு. பழைய டிசைன் புதுப் பொருள்ல ஒட்டிக்கறதுக்கு ரசனை, ஏக்கம்னு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க, என்னைக் கேட்டா பெரும்பாலும் இந்தக் கணக்கு தான்.

டெலிபோன் கதை வேற மாதிரி. அது வரைக்கும் சுத்தற டயல் தான், அதை பட்டனா மாத்தணும்னு யோசிச்சப்போ கூட்டல் மெஷின் ஏற்கெனவே கண்ணு முன்னாடி இருந்துச்சு, ஆனா போன் பேசறவங்க எல்லாரும் கணக்குப்பிள்ளை இல்லையே. 1955-ல லுட்ஸ், சப்பானிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நம்பரே போடாத வெறும் பட்டன் படங்களைக் கொடுத்து, எந்த நம்பர் எங்க இருக்கும்னு நினைக்கறீங்கன்னு ஆளுங்களைக் கேட்டாங்க. நிறைய பேர் புத்தகம் படிக்கற மாதிரி இடமிருந்து வலம், மேலிருந்து கீழன்னு தான் நிரப்பினாங்க. அப்புறம் அமெரிக்க டெலிபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸ்ல பட்டனை வட்டமா, ரெண்டு வரிசையா, மூணு மூணான்னு பல விதமா அடுக்கி டெஸ்ட் பண்ணி பார்த்தாங்க, 1960-ல டைனிங்கர் அதை கட்டுரையா வெளியிட்டார். நல்லா வந்த சில அடுக்குகளுக்கு நடுவுல வேகத்துல பெரிய வித்தியாசம் இல்ல. கடைசியில 1, 2, 3 மேல வச்ச அடுக்கு ஜெயிச்சு, 1963-ல பென்சில்வேனியாவுல பட்டன் போன் விற்பனைக்கு வந்துச்சு.

அந்த அடுக்குக்கு ஏத்த மாதிரி சத்தத்தையும் அமைச்சாங்க. ஒவ்வொரு கிடை வரிசைக்கும் ஒரு சுருதி, ஒவ்வொரு நெட்டு வரிசைக்கும் ஒரு சுருதி, பட்டனை அமுக்கினா ரெண்டும் சேர்ந்து ஒலிக்கும். 5-ஐ அமுக்கினா 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும். மனுஷக் குரல் தற்செயலா அப்படி ஒரு ஜோடியா வர்றது கஷ்டம், அதனால எக்ஸ்சேஞ்சுக்கு குழப்பம் இல்ல. இன்னிக்கு செல்போன்ல கால் போறதுக்கு இந்த சத்தம் தேவையே இல்ல, ஆனாலும் கஸ்டமர் கேர்ல "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்"னு சொல்லும்போது நீங்க அமுக்கினதை அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கறது அதே 1963 சுருதிக் கணக்குல தான்.

நம்ம ஊர்லயும் இதே கதை ஓடிக்கிட்டு இருக்கு, தமிழ் டைப்ரைட்டர் ரூபத்துல. டைப்ரைட்டருக்கு மூளை கிடையாது, இடமிருந்து வலமா நகரத் தான் தெரியும், அதனால "கெ" அடிக்கணும்னா முதல்ல ஒற்றைக் கொம்பு, அப்புறம் க. கம்ப்யூட்டர் எழுத்துகளை சேமிக்கற பொது முறையான யூனிகோட்ல இது நேர் எதிர், முதல்ல க, அப்புறம் தான் கொம்பு. ஆக இன்னிக்கு கம்ப்யூட்டர்ல டைப்ரைட்டர் லேஅவுட் வச்சு அடிக்கறவங்களுக்காக சாஃப்ட்வேர் கொம்பை வாங்கி கையில வச்சுக்கிட்டு, அடுத்த எழுத்து வந்ததும் ரெண்டையும் இடம் மாத்திப் போடுது. இரும்பு மெஷினோட குறைபாட்டை சாஃப்ட்வேர் மெனக்கெட்டு நடிச்சுக் காட்டுது!

இதுக்கு மாத்தா 1999-லயே உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்குன்னு பிரிச்சு தமிழ்99-ங்கற கீபோர்டு அடுக்கு வந்துச்சு, அரசும் ஏத்துக்கிச்சு. பழகினவங்க அதை விட்டு வர மாட்டாங்க, எனக்கும் அது தான் புத்திசாலித்தனமான அடுக்குன்னு தோணுது. ஆனா டைப்பிஸ்ட் வேலைக்குப் போகணும்னா டைப்ரைட்டிங்ல லோயர், ஹையர் சர்டிபிகேட் வேணும், அதுக்கு இன்ஸ்டிட்யூட் போகணும், அங்க கை பழகறது பழைய அடுக்குல, வேலைக்கு வந்தப்புறம் அவங்க கேக்கறதும் அதே அடுக்கு தான். அப்புறம் எப்படி அது சாகும்?

பசங்க இந்த ரெண்டு பக்கமும் போறதில்ல. இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சா போனே தமிழாக்கித் தருது. ஜாலி தான், ஆனா அவங்க கட்டைவிரல் ஓடறது 1874-ல ரெமிங்டன் டைப்ரைட்டர்ல விற்பனைக்கு வந்த இங்கிலீஷ் எழுத்து அடுக்கு மேல, அதுல தமிழுக்குன்னு யாரும் எதையும் யோசிச்சு வைக்கல.