வெயில் புல்லைக் கொல்வதில்லை

சென்னையில் வீட்டு முன்னால் போட்ட புல்தரை பட்டுப்போனால், பழி வெயில்மேல்தான் விழும். ‘கத்திரியில கருகிடுச்சு’ என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் யூரியா என்று இறங்குவார்கள். ஆனால் அதே தெரு ஓரத்தில் யாரும் சீந்தாத அருகம்புல் அதே கத்திரியைத் தாண்டிவிடுகிறது. காய்ந்து வைக்கோல் மாதிரி கிடந்தாலும் ஒரு மழை பெய்தால் போதும், கணுவுக்குக் கணு துளிர்த்துவிடும்.

காரணம் இலைக்குள் இருக்கிறது. எல்லாச் செடிகளும் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை ஆக்க ரூபிஸ்கோ என்ற நொதியை நம்பியிருக்கின்றன. அந்த நொதிக்கு ஒரு கோளாறு உண்டு: கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இந்தத் தவறு கூடும். இங்கிலாந்துப் புல்தரைகளில் வளரும் ரை புல், நம் நெல் எல்லாம் இந்தத் தவறில் மாட்டிக்கொள்ளும் வகை. வெயில் நாளில், சேர்த்த கரியில் கால்வாசி வரைக்கும் இப்படி வீணாகிவிடும். அருகம்புல்லும் கரும்பும் சோளமும் வேறு வழி கண்டுபிடித்துவைத்திருக்கின்றன. இலையின் வெளி அறைகளில் இன்னொரு நொதி. அது ஆக்சிஜனைத் தொடுவதே இல்லை. கரியமில வாயுவை மட்டும் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உள் அறைகளுக்கு அனுப்புகிறது. ரூபிஸ்கோ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் கரியமில வாயு நெருக்கமாக. தவறு செய்ய வாய்ப்பே குறைவு. 1966இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் கரும்பு இலையை ஆராய்ந்து இந்தப் பாதையை விளக்கினார்கள். இலைத்துளைகளை அகலத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லாததால், அதே அளவு வளர்ச்சிக்கு இந்த வகைப் புல்லுக்கு ஏறக்குறைய பாதித் தண்ணீர் போதும். 35 டிகிரி இதற்கு வேதனை அல்ல, விருந்து.

ஆனால் இந்த ஏற்பாடு சும்மா நடப்பதில்லை. வாயுவை உள்ளே தள்ள ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. அது வெயிலிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் மாமர நிழலில் அருகு மெலிந்து, நீண்டு, கடைசியில் காணாமல் போகிறது. நிழல் விழும் இடத்தில் நர்சரியில் ‘பஃபலோ புல்’ என்று விற்கும் அகன்ற இலைப் புல்லைப் போடலாம். அதுவும் அடர்ந்த நிழலில் தேறாது. ஆறு மணி நேரம் நல்ல வெயில் விழும் இடமென்றால் அருகு வகைகளோ கொரியன் புல்லோ சரி. கொரியன் புல் மெதுவாகத்தான் பரவும், பொறுமை வேண்டும்.

வெயில் காரணமில்லை என்றால் புல்லைக் கெடுப்பது எது? இரவு ஈரம். விடியற்காலையில் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி, ஏறக்குறைய ஒரே அளவில் வரிசையாக நிற்கும். அதைப் பனி என்று நினைத்துக்கொள்கிறோம். பனி என்றால் இலை முழுக்கப் படிந்திருக்கும். நுனித்துளி புல் தானே கசியவிட்டது. ராத்திரி துளைகள் மூடியிருக்க, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்க, வேர் தள்ளிய நீர் போக வேறு வழியில்லாமல் நுனி வழியே வெளியேறுகிறது. அதில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். பூஞ்சைக்கு அது சாப்பாடு. மாலையில் தண்ணீர் தெளித்தால் இலை நனைந்திருக்கும் நேரம் பல மணி நேரம் கூடிவிடுகிறது. அதிகாலையில் விட்டால் துளியும் கழுவப்படும், சூரியன் வந்ததும் இலையும் காய்ந்துவிடும்.

கார்த்திகை, மார்கழியில் இது இன்னும் மோசம். மழை ஓயாது, சூடு குறைவதால் புல்லின் வளர்ச்சியும் தளரும். அப்போது வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் வந்தால், ரைசாக்டோனியா பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். நெல்லில் இலையுறைக் கருகல் நோயைக் கொண்டுவரும் அதே குடும்பம்தான். ஓர் இடத்தில் தொடங்கி எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவுவதால்தான் வட்டம். திட்டின் ஓரத்தில் ஓர் இலையை இழுத்தால் அடியில் அழுகி, எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். இந்த நேரத்தில் யூரியா போடுவது நோய்க்கு விருந்து வைப்பது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன்; புல் சட்டென்று கிளம்பி, மெல்லிய சாறு நிறைந்த இலையாக விடும், பூஞ்சைக்கு அதைத் துளைப்பது சுலபம். மழை ஓய்ந்து வெயில் கண்டபின் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் போதும்.

தண்ணீரும் அப்படித்தான். தினமும் நுனியை நனைத்தால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். கோடையில் வாரத்துக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 300 சதுர அடித் தரைக்கு 25 மில்லிமீட்டர் என்றால் வாரத்துக்குச் சுமார் 700 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, தரையைப் பாதியாகக் குறைப்பதே உத்தமம் என்பது என் கட்சி. வாரத்துத் தண்ணீரை இரண்டு மூன்று தடவையாக, ஆழமாக விட வேண்டும். திருவான்மியூர் பக்கத்து மணலில் தடவைகளைக் கூட்டி அளவைக் குறைக்கலாம், களிமண்ணில் நேர்மாறு. போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் அருகு ஓரளவு சமாளிக்கும். அதன் இலையில் உப்பை வெளியே தள்ளும் நுண்சுரப்பிகள் இருக்கின்றன.

அப்புறம் வெட்டுவது. புல்லின் வளர்முனை தரையை ஒட்டி இருப்பதால்தான் மாடு மேய்ந்தாலும் மெஷின் ஓடினாலும் மறுபடி வளர்கிறது. அதற்காக ஒட்ட வெட்டிவிடக் கூடாது. அமெரிக்க வேளாண் துறை 1955இல் வெளியிட்ட, கிரைடர் என்ற ஆய்வாளரின் ஆய்வில், இலையில் பாதியை வெட்டியபோது வேர்களில் சிறு பகுதியே வளர்ச்சியை நிறுத்தியது. 80 சதவீதம் வெட்டியபோது அத்தனை வேரும் வளர்வது நாள்கணக்கில் நின்றுபோனது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே என்ற தோட்டக்காரர் கணக்குக்கு இதுவே பின்னணி. ஊருக்குப் போய்விட்டு வந்து, முழங்கால் உயரப் புல்லை ஒரே நாளில் மொட்டை அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவார்களே, அந்த வேரோட்டத்தில் பாதி உண்மையில் மண்ணுக்கடியில் ஓடும் தண்டு. மேலே ஓடும் தண்டும் உண்டு. இரண்டும் கணுதோறும் வேர்விடும், அதனால் சொட்டையான இடம் தானாக மூடிக்கொள்ளும், மண் இறுகிப்போகாமல் இருந்தால். நடைபாதை விழுந்த இடத்தில் கடப்பாரை நுனியால் துளை போட்டு, மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து தூவினால் ஒரு பருவத்தில் சரியாகும்.

எதற்கும் மசியாதது கோரை. பெரும்பாலும் லாரிச் செம்மண்ணோடு கிழங்காக வந்து சேரும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் முக்கோணம் தட்டுப்படும், புல்லில் அப்படி இருக்காது. பிடுங்கினால் கிழங்கு உள்ளே நின்று மறுபடி முளைக்கும். ஆகவே புல் போடுவதற்கு முன்பே, கொட்டிய மண்ணை இரண்டு மூன்று வாரம் நனைத்து வையுங்கள். முளைக்கிற கோரையை எல்லாம் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுப் பிறகு புல்லைப் பதியுங்கள்.