கேம்பஸ்: கிளையா, வளாகமா?

உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஊர் டேவிஸ். செய்தி கேட்ட தாத்தா முதலில் கேட்டது, "மெயின் கேம்பஸாம்மா, கிளையா?" என்றுதான். "அங்கே மெயின்னு ஒண்ணு கிடையாது தாத்தா, பத்துமே கேம்பஸ்தான்" என்றாள் அவள். தாத்தாவுக்கு அது பிடிபடவில்லை. மரம் என்றால் தண்டும் வேண்டும், கிளையும் வேண்டும் அல்லவா? இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பல்கலைக்கழகம் இல்லை. 'கேம்பஸ்' என்ற சொல்லை நாம் எந்தப் பொருளில் கேட்டுப் பழகியிருக்கிறோம் என்பதுதான்.

இது லத்தீன் மொழிச் சொல். அங்கே 'கம்புஸ்' என்றால் சமவெளி, திறந்தவெளி, வயல்வெளி. பழைய ரோமில் படைப்பயிற்சி நடந்த மைதானத்துக்குப் போர்க்கடவுளின் பெயரைச் சேர்த்துக் 'கம்புஸ் மார்த்தியுஸ்' என்றார்கள். படைகள் தங்கும் 'கேம்ப்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது கவராயம், வேறு சொல்.

திறந்தவெளி எப்படிக் கல்லூரிக்குள் வந்தது? அமெரிக்காவில், பிரின்ஸ்டனில். இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அப்போது நியூ ஜெர்சி கல்லூரி. 1774 ஜனவரியில் அங்கே படித்த மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் கல்லூரி மைதானத்தைக் குறித்து வருகிறது. ஆங்கிலேயர் விதித்த தேயிலை வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதே வேகத்தில் இந்த மாணவர்களும் கல்லூரிச் சரக்கறையில் இருந்த தேயிலையை எடுத்து வந்து 'கேம்பஸில்' போட்டுக் கொளுத்தினார்கள். ஆக, கல்லூரிச் சொல்லாக அது நமக்குக் கிடைக்கும்போதே தீ மூட்டும் அளவுக்கு இடமிருந்த வெறும் நிலம்தான். ஹார்வர்டில் இன்றும் பழைய வழக்கப்படி 'யார்டு' என்கிறார்கள். மற்ற ஊர்களில் கேம்பஸ் பரவியது. நிலத்தைக் குறித்த சொல் நிலத்தோடு கட்டடங்களையும், பிறகு அங்கே நடக்கும் வாழ்க்கையையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கியது.

அதற்கு அடுத்த பெரிய மாற்றத்தைக் கலிபோர்னியாவில் பார்க்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1868-ல் மாநிலச் சட்டத்தால் உண்டானது. ஓக்லாந்தில் தொடங்கி, 1873-ல் பெர்க்லிக்கு இடம் மாறியது. வெகுகாலம் பல்கலைக்கழகம் என்றாலே பெர்க்லிதான். 1919-ல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தபோது அதற்கு வைத்த பெயர் 'தெற்குக் கிளை'. தாத்தா கேட்ட அதே கிளை! 1927-ல் கிளை என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அது 'லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்' ஆயிற்று. உலகம் இன்று யுசிஎல்ஏ என்று சொல்வது அதைத்தான்.

டேவிஸின் கதை இன்னும் அழகு. தொடக்கத்தில் அது 'பல்கலைக்கழகப் பண்ணை'. பெர்க்லியில் வேளாண்மை படித்தவர்கள் மண்ணில் இறங்கிப் பழகுவதற்காக, 1905-ல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி அமைந்தது. லத்தீன் பொருளில் அதைவிடச் சரியான கேம்பஸ் வேறு எது? ரிவர்சைடு 1907-ல் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கான ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியது. இரண்டும் 1959-ல் எல்லாத் துறைகளும் கொண்ட கேம்பஸ்கள் ஆயின. சான் டியகோவுக்கு முன்னோடி ஒரு கடலாய்வு நிலையம். சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவமும் அதைச் சார்ந்த படிப்புகளும் மட்டுமே. சாண்டா பார்பரா, அர்வைன், சாண்டா குரூஸ், கடைசியாக 2005-ல் மாணவர்களைச் சேர்த்த மெர்சட் என மொத்தம் பத்து. மாணவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்.

பத்துக்கும் மேலே ஒரே ஆட்சிக்குழு, ஒரே தலைவர். அந்தத் தலைவரின் அலுவலகம் ஓக்லாந்தில் இருக்கிறது, எந்தக் கேம்பஸிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கேம்பஸும் தன் மாணவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஆசிரியர்கள் தனி, துறைகள் தனி, பேரும் புகழும் தனி. ஆகவே அங்கே கேம்பஸ் என்பது இடத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் முழுப் பல்கலைக்கழகம் அது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் சேப்பாக்கம், கிண்டி, தரமணி என்று பல வளாகங்கள் உண்டு. ஆனால் அங்கே துறைகள் பிரிந்து அமர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். கிண்டியைத் தனிப் பல்கலைக்கழகமாக யாரும் நினைப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வளாகம்' என்பது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நீதிமன்ற வளாகம், கோயில் வளாகம், வணிக வளாகம் என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். மதில் கட்டிய ஓர் இடம், அதற்குள் சில கட்டடங்கள் என்பதுதான் நம் மனத்தில் வரும் படம். இவ்வளவு பெரிய பொருளை இந்தச் சொல் தாங்குமா என்று எனக்கும் முன்பு ஐயம் இருந்தது. புறநானூற்றின் 189-ஆம் பாட்டு அதைத் தீர்த்தது. "தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி" என்று தொடங்குகிறார் நக்கீரனார். தெளிந்த கடல் சூழ்ந்த இந்த உலகம் முழுவதும் அவருக்கு ஒரு வளாகம்! வளை, வளையம், வளையல் என்று சூழ்தலைச் சொல்லும் சொற்களின் குடும்பம் இது. ஈழத்தில் வீட்டைச் சுற்றியுள்ள வேலியடைத்த காணியை 'வளவு' என்பார்கள். அதுவும் இதற்கு நெருங்கிய சொந்தம். லத்தீன் சொல் திறந்துகிடக்கும் நிலத்தைப் பார்த்துப் பிறந்தது. தமிழ்ச் சொல் சூழ்ந்து நிற்கும் எல்லையைப் பார்த்துப் பிறந்தது. பார்வை வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. இந்தப் புறநானூற்றை ஹாங்க் ஹைஃபெட்ஸுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் கொடுத்த ஜார்ஜ் ஹார்ட், பல்லாண்டு தமிழ் கற்பித்தது பெர்க்லி வளாகத்தில்தான்.

பல வளாகங்கள் கொண்ட பல்கலைக்கழகம் தமிழருக்குப் புதிதும் இல்லை. 1972-ல் இலங்கையின் பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒன்றாக்கி 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்று ஒரே பெயர் வைத்தார்கள். பேராதனை, கொழும்பு எல்லாம் அதன் வளாகங்கள் ஆயின. 1974-ல் யாழ்ப்பாண வளாகம் வந்தது, சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில். 1979-ல் அது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பெயர்ப் பலகை மாறினாலும் பேச்சு மாறவில்லை: யாழ்ப்பாணத்தில் "அவளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்றால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்று பொருள். சென்னையில் "கேம்பஸ்ல கிடைச்சிருச்சு" என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள். அது கேம்பஸ் இன்டர்வியூவின் சுருக்கம். வளாக நேர்காணல் என்கிறோம்.

ஆகவே 'டேவிஸ் கிளை' என்று எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'கலிபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ் வளாகம்' என்றால் போதும். முழு அமைப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பல்வளாகப் பல்கலைக்கழகம்' நன்றாக வருகிறது. 'பல்கலைக்கழக அமைப்பு' என்று எழுதினால் மாணவர் சங்கம் மாதிரி ஏதோ ஒன்று என்று படிப்பவர் நினைக்கக்கூடும்.

இன்னொரு சொல்லும் இடறும். ஒவ்வொரு வளாகத்துக்கும் அங்கே ஒரு சான்சலர் உண்டு. பெர்க்லிக்கு அந்தப் பதவி வந்தது 1952-ல். இதை வேந்தர் என்று எழுதினால் நம் வாசகர் ஆளுநரை நினைப்பார். அவர் செய்வதோ அன்றாட நிர்வாகம், நம்மூர்த் துணைவேந்தரின் வேலை. இதற்கும் யாழ்ப்பாணம் வழி காட்டுகிறது. அங்கே 1974-ல் பொறுப்பேற்ற பேராசிரியர் க. கைலாசபதி வகித்த பதவி 'வளாகத் தலைவர்'. பெர்க்லிக்கும் டேவிஸுக்கும் அதையே எழுதலாம்.