பாலியல் வன்முறைக்கு உள்ளானால்: வன்னியில் யாரிடம், எந்த ஒழுங்கில் போவது

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னி மாவட்டங்களில் பாலியல் வன்முறைக்கோ வீட்டு வன்முறைக்கோ உள்ளானவருக்கு வைத்தியசாலை, பொலிஸ், பிரதேச செயலகம், சட்ட உதவி ஆணைக்குழு, பெண்கள் அமைப்புகள் எல்லாம் கைகோத்து உதவவேண்டும் என்பதே ஏற்பாடு. எங்கு முதலில் போனாலும் மற்ற இடங்களோடு தொடர்பு ஏற்படுத்தித் தரும்படி கேட்கலாம். ஆனாலும் மருந்துக்கு நேரக் கணக்கு இருப்பதால், முதலில் வைத்தியசாலைக்கே போங்கள்.

சிகிச்சை பெறப் பொலிஸ் முறைப்பாடு தேவையில்லை. "பொலிசுக்குப் போயிட்டு வாங்கோ" என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது பிழை, அசையாமல் நில்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்கவேண்டும். அவசர கருத்தடை மாத்திரையை 5 நாள் வரை எடுக்கலாம், பிந்தப் பிந்தப் பலன் குறையும். தூரக் கிராமங்களில் கடைசி பஸ் போனபின் விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் இந்த மணித்தியாலங்கள் கரைகின்றன. ஆட்டோ பிடித்தாவது அன்றிரவே புறப்படுவது நல்லது.

அன்று உடுத்திருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சொப்பிங் பைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் போகலாம். நீதிமன்றத்துக்கு மருத்துவ அறிக்கை கொடுக்கும் சட்ட வைத்திய அதிகாரி உங்கள் சம்மதத்தோடுதான் பரிசோதிக்கவேண்டும். பெண் தாதி ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று கேளுங்கள். வன்முறைக்கு உள்ளானவர்களுக்காக அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையத்தில் ஆறுதலாக இருந்து பேசலாம், பேசுவது வெளியே போகாது.

பொலிசில் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேட்டுப் போங்கள். பின்னாளில் வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் வாக்குமூலம்தான். தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காமல் ஒப்பமிட்டால், நீதிமன்றத்தில் "அன்று இப்படிச் சொல்லவில்லையே" என்று மடக்குவார்கள். தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. முழுவதையும் வாசிப்பித்து, பிழையைத் திருத்துவித்தபின் ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வாங்காமல் வரவேண்டாம்.

"இணக்கமாய்ப் போங்கோ, பிள்ளையின்ர பேர் கெட்டுப்போகும்" என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பாலியல் வன்புணர்வைப் பேசித் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கும் இல்லை, மத்தியஸ்த சபைக்கும் இல்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளை சம்மதித்தாள் என்ற பேச்சும் சட்டத்தில் எடுபடாது. குற்றம் நிரூபணமானால், தண்டனையோடு நட்டஈட்டையும் குற்றவாளி செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிடும்.

அடிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும், 14 நாளுக்குள் விசாரணை நடக்கவேண்டும், இறுதிக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தங்குமிடத்துக்கும் உளவளத்துணைக்கும் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, உடனடி ஆபத்தென்றால் 119. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகையிலோ முகநூலிலோ வெளியிடுவது குற்றம். யாராவது அப்படிப் போட்டால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, அதையும் முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.