நேர்வஸ் என்றால் நரம்பில் கோளாறா?

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் வயலின் வாசிக்கப் போன மகளுக்கு வில் பிடித்த கை உதறத் தொடங்கிவிட்டதாம். “எல்லாரும் நேர்வஸ் எண்டு சொல்லீனம். பிள்ளைக்கு நரம்பிலை ஏதும் பிழையோ?” என்று கொக்குவிலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

நரம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. குழப்பம் அந்தச் சொல்லால் வந்தது. லத்தீனில் ‘நெர்வுஸ்’ என்றால் தசைநாண். வில்லின் நாணும் இசைக்கருவியின் தந்தியும்கூட அதுதான். நாங்கள் யாழ் நரம்பு என்பதுபோல. எனவே ஆங்கிலத்தில் ‘நேர்வஸ்’ ஆள் என்றால் ஒருகாலத்தில் முறுக்கேறிய பலசாலி! 1755இல் வந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி அந்தப் பொருளைத்தான் முதலில் தருகிறது. ‘நரம்பு பலவீனமான’ என்பதை வைத்தியர்களின் கொச்சை என்று மூன்றாவதாகத் தள்ளிவைத்தார் மனிதர். கடைசியில் வென்றது அந்தக் கொச்சைதான்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், வாய் காயும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது கை நடுங்கும் விதம். அந்த நடுக்கம் புதிதாக வருவதில்லை. எல்லோர் கையும் எந்நேரமும் செக்கனுக்கு 8 முதல் 12 தடவை மெல்ல நடுங்கியபடியே இருக்கிறது. கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வையுங்கள், ஓரம் காட்டிக்கொடுக்கும். தசையிழைகள் எல்லாம் ஒரேயடியாக இழுப்பதில்லை. தேர்வடம் பிடிப்பவர்களைப்போல ஒரு கூட்டம் தளர, இன்னொரு கூட்டம் இழுக்கும். ஓர் இழுப்பு முழுதாகத் தளருமுன் அடுத்தது வந்து சேர்வதால் கை அசையாததுபோலத் தெரிகிறது. அட்ரினலின் தசையில் தனக்கென உள்ள ஒட்டுமிடங்களில், அதாவது பீட்டா-2 ஏற்பிகளில், ஒட்டியதும் இழைகள் வழக்கத்தைவிட வேகமாகத் தளரும். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இடைவெளி விழும். ஒளிந்திருந்த நடுக்கம் வெளியே வந்துவிடும்; நீண்ட வில் அதை நுனியில் இன்னும் பெருப்பித்துக் காட்டும். தொய்வுக்காரர் (ஆஸ்துமா உள்ளவர்கள்) சல்பியூட்டமோல் மருந்து எடுத்தபின் கை நடுங்குவதும் அதே ஏற்பியால்தான்.

இதில் ‘நரம்புத் தளர்ச்சி’ எங்கே இருக்கிறது? நரம்புகள் அளவுக்கு மேல் உசாராக வேலை செய்கின்றன. மதிலுக்கு மதில் லேகிய விளம்பரம் ஒட்டுபவர்களுக்கு இது தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள். நாவூறு என்று நூல் கட்டுவதிலும் பயனில்லை.

அட்ரினலினை மறிக்கும் புரோப்ரனலோல் குளிசையைச் சில மேடைக் கலைஞர்கள் போடுவதுண்டு. வைத்தியர் சொல்லாமல் அதைத் தொடவேண்டாம். தொய்வு உள்ள பிள்ளை என்றால் மூச்சுக்குழாயையே இறுக்கிவிடும். அடுத்த பரீட்சைக்கு முன் அயலட்டையைக் கூப்பிட்டு இருத்தி, நாலு பேருக்கு முன்னால் வாசிக்கவிடுங்கள்.