தன் காலில் நிற்க ஆஸ்பத்திரி தயாரா? இங்கிலாந்து வைத்த தேர்வு

இங்கிலாந்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ ஆகிவிட்டால், வருடக் கடைசியில் மிஞ்சும் பணத்தை அதுவே வைத்துக்கொள்ளலாம். கடன் வாங்கலாம். சுகாதார அமைச்சர் நினைத்தபடி உத்தரவு போட முடியாது. 2003இல் சட்டம் வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று முதல் 10 ஆஸ்பத்திரிகள் மாறின. இது தனியார்மயம் அல்ல. அவை என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவைக்குள்ளேயே இருந்தன, சிகிச்சையும் இலவசம்தான். வட்டாரத்து மக்களும் ஊழியர்களும் உறுப்பினராகி கவர்னர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆஸ்பத்திரியின் தலைவரை நியமிப்பது அந்த கவர்னர்கள்.

சரி, எந்த ஆஸ்பத்திரிக்கு இதைக் கொடுப்பது? அதை முடிவு செய்தது ‘மானிட்டர்’ என்ற ஒழுங்குமுறை அமைப்பு. சட்டப்படி அமைந்திருக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா, பணம் தாங்குமா என்று மூன்றைப் பார்த்தது. முதலாவது பெரும்பாலும் காகித வேலை. பாடு கடைசிக் கேள்வியில்தான். ஆஸ்பத்திரி அடுத்த ஐந்தாண்டுக்கான கணக்கைக் கொடுத்தால், மானிட்டர் அதில் வருமானத்தைக் குறைத்து, செலவைக் கூட்டி, அப்போதும் தாக்குப்பிடிக்குமா என்று பார்த்தது. அப்புறம் ஆஸ்பத்திரியின் இயக்குநர் குழுவை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. கணக்கு நிதி இயக்குநருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

இந்தக் கறாருக்குக் காரணம் இருந்தது. முதல் பத்தில் ஒன்றான பிராட்ஃபோர்டு ஆஸ்பத்திரி, மாறிய அதே வருடத்தில் பெரிய பற்றாக்குறையில் விழுந்தது. மானிட்டர் தலையிட்டுத் தலைவரையே நீக்கியது. பிறகு, இன்னும் மாறாத ஆஸ்பத்திரிகள் விண்ணப்பிக்கும் முன்பே தங்கள் ஓட்டைகளைத் தெரிந்துகொள்ள ஒரு முன்பரிசோதனைத் திட்டமும் வந்தது. நல்ல யோசனைதான். தேர்வில் தோற்பதைவிட, எதில் தோற்போம் என்று முன்பே தெரிவது மேல்.

ஆனால் பணக் கணக்கில் இருந்த கண் வார்டுப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. ஆஸ்பத்திரிகளை நடத்திய மிட் ஸ்டாஃபோர்ட்ஷையர் டிரஸ்ட் 2006-07இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க ஆட்களைக் குறைத்தது. 2008 பிப்ரவரியில் தேர்வில் தேறியும் விட்டது. அடுத்த வருடமே அங்கே நோயாளிகள் பட்ட பாடு வெளிவந்தது. 2013இல் வந்த பொது விசாரணை அறிக்கை, ஃபவுண்டேஷன் டிரஸ்ட் அந்தஸ்தைப் பிடிக்க நிர்வாகம் ஓடிய ஓட்டத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. நடுவில் மானிட்டர் சிகிச்சைத் தரத்தையும் தேர்வில் சேர்த்திருந்தது. அந்த டிரஸ்டின் ஆஸ்பத்திரிகள் 2014 நவம்பரில் வேறு டிரஸ்டுகளிடம் ஒப்படைக்கப்பட்டன.