மனப்பாடம் செய்து வராதீர்கள்: பி.எஸ்./எம்.டி. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பள்ளி முடிக்கும்போதே கல்லூரிப் பட்டத்துக்கும் மருத்துவப் பட்டத்துக்கும் சேர்த்து இடம் தருகிற அமெரிக்கத் திட்டம்தான் பி.எஸ்./எம்.டி. போன மாதம் ஒரே வாரத்தில் அதற்காக இரண்டு பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தினேன். ஒரு பெண் நியூ ஜெர்சியில், ஒரு பையன் டெக்சாஸில். ஒருவரை ஒருவர் தெரியாது. "ஏன் மருத்துவம்?" என்று இருவரிடமும் கேட்டேன். இருவரும் ஆங்கிலத்தில் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "அறிவியலும் கருணையும் சந்திக்கும் இடம் மருத்துவம்." சொல்லுக்குச் சொல் அதே. எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி தம்பி, அந்தக் கருணையைக் கடைசியாக எங்கே பார்த்தாய்?" என்றேன். பையன் திரையின் ஓரத்தில் எதையோ தேடினான். அங்கே ஒட்டி வைத்திருந்த தாளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

பாவம், அவன் மேல் தப்பில்லை. யாரோ ஒருவர் மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த வாக்கியம் அது.

நான் இங்கே இருபது வருடங்களாக இன்டர்னல் மெடிசின் பார்க்கிறேன். இடையில் சில ஆண்டுகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஜனவரி வந்தால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "டாக்டர், என்ன கேள்வி கேட்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க, பதிலை நாங்க தயார் பண்ணிக்கிறோம்." இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது வாய்மொழித் தேர்வு இல்லை. நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோதே மதிப்பெண் வேலை முடிந்தது. அன்றைக்கு வருகிற எல்லோருமே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், தெரிந்த பிள்ளைக்கு அதற்காகத் தனி மதிப்பு கிடையாது, நாங்கள்தான் நான்கு வருடம் அதைச் சொல்லித்தரப் போகிறோமே. எதிரே இருப்பவரின் மனதில் ஓடுவது வேறு. வழக்கமான வழியில் வருகிறவருக்குக் குறைந்தது இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. கல்லூரி முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, நாலு இடத்தில் அடிபட்டு வருகிறார். அந்த இடத்தை இன்றைக்கே, பள்ளிக்கூடம் முடிக்காத பதினேழு வயதுப் பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கலாமா? தான் எதைக் கேட்கிறோம் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? இரண்டு வருடத்தில் மனம் மாறிப் போய்விடுமா? நாளைக்கு ஒரு நோயாளியின் எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் காதில் வாங்குமா?

இதையெல்லாம் முதல் கேள்வியில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி. "ஏன்?" "அப்புறம் என்ன ஆச்சு?" "அப்போது உனக்கு என்ன தோன்றியது?" மனப்பாடம் முதல் கேள்விக்குத் தாங்கும். இரண்டாவதில் தள்ளாடும். மூன்றாவதில் விழுந்துவிடும். விழுவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். வருடத்துக்கு இத்தனை பேரைப் பார்க்கிற எங்களுக்கு ஒப்பிக்கிற குரல் தெரியாதா? ஒரே சுருதியில் வரும், மூச்சு விடுகிற இடம்கூடத் தப்பாது.

நம் பெற்றோர் ஏன் இதில் தடுமாறுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். நாம் வந்த வழி அப்படி. மதிப்பெண், தரவரிசை, சீட். யாரும் நம்மைக் கூப்பிட்டு "உனக்கு ஏன் இது வேண்டும்" என்று கேட்டதில்லை. என்னைக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அதனால் நேர்காணலையும் இன்னொரு பாடமாக்கி, அதற்கும் கைடு தேடுகிறோம்.

எல்லோரும் "ஏன் மருத்துவம்" என்ற கேள்வியையே தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கவிழ்வது பெரும்பாலும் அடுத்த கேள்வியில்: "ஏன் இப்போதே? நான்கு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு, அப்புறம் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாமே?" இந்தத் திட்டத்துக்கென்றே உள்ள கேள்வி இது. "எம்கேட் தொல்லை இருக்காது" என்று சொல்லும் பிள்ளை நேர்மையான பிள்ளைதான். ஆனால் பல திட்டங்கள் எம்கேட்டில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கின்றன, அதுகூடப் பார்க்காமல் வந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பெண் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. இடம் உறுதியானால் விண்ணப்பத்துக்கு அழகாக இருக்கும் பாடங்களைத் தேட வேண்டியதில்லை, சைகை மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொள்வேன் என்றாள். அவள் பெரியப்பாவுக்குக் காது கேட்காது. மருத்துவமனையில் அவரிடம் பேசாமல், கூட வந்தவரிடமே எல்லோரும் பேசினார்களாம். மூன்று நிமிடம் பேசினாள். நாங்கள் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

இன்னொரு கண்ணிவெடி: "ஏன் டாக்டர்? ஏன் நர்ஸ் ஆகக்கூடாது? ஏன் பி.ஏ. (மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உதவியாளர்) ஆகக்கூடாது?" இதற்கு "நான் தலைமை தாங்க விரும்புகிறேன்" என்று மார்பு நிமிர்த்திச் சொல்கிறார்கள். ஐயோ. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் நோயாளி பக்கத்திலேயே நிற்கிறவர் நர்ஸ். நள்ளிரவில் என்னை எழுப்பி, "இந்த ஆள் சரியில்லை, உடனே வாங்க" என்று சொல்லி எத்தனையோ உயிரைக் காப்பாற்றியவரும் அவர்தான். குழுவில் இருப்பவர்களில் ஒருவர் நர்ஸாக இருந்து டாக்டர் ஆனவராகவும் இருக்கலாம். அவர்கள் வேலை என்ன, உங்களை இழுப்பது எது என்று தெரிந்து பேசுங்கள். அவர்களைத் தாழ்த்திப் பேச வேண்டாம்.

திட்டங்கள் எல்லாம் ஒன்று இல்லை. மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1971இலிருந்து ஆறு வருடத் திட்டம் நடக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.ஈ. எட்டு வருடம், மருத்துவத்தோடு மற்றப் பாடங்களையும் ஆழமாகப் படிக்கச் சொல்வது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சோஃபி டேவிஸ் 1973இல் தொடங்கியது. மருத்துவர் குறைவாக உள்ள பகுதிகளுக்கு முதல்நிலை மருத்துவர்களை, அதாவது நோயாளி முதலில் போய்ப் பார்க்கும் பொது மருத்துவர்களை, உருவாக்குவது அதன் நோக்கம். அப்படிப்பட்ட இடத்தில் போய் "நான் நியூரோசர்ஜன் ஆவேன்" என்று முழங்கினால் எப்படி? அதோடு, அண்ணன் காலத்துத் தகவலை நம்பாதீர்கள். நார்த்வெஸ்டர்ன் 1961இல் தொடங்கிய திட்டத்தையே நிறுத்திவிட்டது, இன்னமும் சிலர் அதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அந்தந்தக் கல்லூரியின் தளத்தை அந்தந்த வருடம் படியுங்கள்.

அனுபவத்துக்கு வருவோம். அப்பாவின் நண்பர் கிளினிக்கில் ஐம்பது மணி நேரம் ஷேடோயிங், அதாவது டாக்டர் கூடவே நின்று பார்ப்பது. எல்லோரிடமும் இருக்கிறது. "அங்கே பார்த்ததில் நினைவில் நிற்கும் ஒரு நோயாளியைச் சொல்" என்றால் பாதிப் பேருக்கு ஒருவரும் நினைவில் இல்லை. ஐம்பது மணி நேரம் போனை நோண்டிக்கொண்டு நின்றாயா? இதற்கு நேர்மாறாக, ஆராய்ச்சி, போஸ்டர் என்று எதுவுமே இல்லாத ஒரு பையன் வந்தான். மருந்துக்கடை கவுன்டரில் வேலை பார்த்தவன். ஒரு முதியவர் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, "பாதி மட்டும் குடு, அடுத்த மாசம் மீதி வாங்கிக்கிறேன்" என்று கேட்டதைச் சொன்னான். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடுகிறார் என்பது மருத்துவருக்குத் தெரியாது, ரத்த அழுத்தம் இறங்கவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போகிறார் என்று அவனாகவே கண்டுபிடித்திருந்தான். நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பதினேழு வயதில் எனக்கு அது தெரிந்திருக்காது.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை நான்கு வரி எழுதி வையுங்கள். பெயர் எழுதாதீர்கள். நேர்காணலிலும் பெயர், தெரு, ஊரே அறிந்த குடும்ப விவரம் எதுவும் வரக்கூடாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்க 1996இலிருந்து ஹிப்பா சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நோயாளி பெயரை எங்களிடம் போட்டுடைக்கும் பிள்ளை நாளைக்கு லிஃப்டில் நின்றும் அதைத்தானே செய்யும்?

நம் பிள்ளைகள் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, டாக்டர் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன் என்பது. நல்ல கதைதான். ஆனால் குழுவில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: "உன்னை அந்த டாக்டர் மொழிபெயர்க்க விட்டது சரியா?" 2010இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் விதிகளின்படி, அவசரநிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் போனிலாவது பிடிக்க வேண்டும். காரணம் எளிது. பேரனை நடுவில் வைத்துக்கொண்டு பாட்டி மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கைப் பற்றிச் சொல்லமாட்டார். பேரனும் "கேன்சர்" என்ற சொல்லை "கட்டி" என்று மாற்றிவிடுவான். இந்த இடத்தில் "ஆமாம், சில விஷயங்களை நான் விழுங்கிவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு யோசிக்கிற பிள்ளை எங்களுக்குப் பிடித்துவிடும்.

அடுத்து எம்.எம்.ஐ., அதாவது ஒவ்வொரு அறையாகப் போய்ப் பேசும் குறு நேர்காணல்களின் வரிசை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை, 2004இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சூழ்நிலை எழுதியிருக்கும். படிக்க இரண்டு நிமிடம், பேச எட்டு நிமிடம் என்பது போல நேரம். இங்கேயும் "சரியான விடை" தேடும் வியாதிதான். நான் அடிக்கடி கொடுப்பது இது: அம்மாவுக்குப் புற்றுநோய், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று மகள் கெஞ்சுகிறாள், என்ன செய்வாய்? கோச்சிங் போன பிள்ளை உடனே "தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி" என்று மருத்துவ அறத்தின் நான்கு கொள்கைகளையும் வரிசையாக ஒப்பித்து, "அம்மாவிடம் சொல்லிவிடுவேன்" என்று முடிக்கும். அந்த மகள் யார்? அவள் ஏன் பயப்படுகிறாள்? இந்தப் பிள்ளையின் வீட்டிலேயே தாத்தாவிடம் மறைத்திருப்பார்கள், அது ஏன் என்று இதற்குத் தெரியும். அதை வெளியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறது! வார்டில் நாங்கள் செய்வது என்ன? மகளை உட்கார வைத்து அவள் பயத்தைக் கேட்போம். பிறகு அம்மாவிடமே போய், "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடம் சொல்லட்டுமா, மகளிடம் சொல்லட்டுமா?" என்று கேட்போம். "எதையும் மகளிடம் சொல்லிடுங்க" என்று அம்மாவே சொன்னால் அதுவும் அவர் முடிவுதான். இந்த விடையையும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. கேள்வியை மாற்றிவிடுவார்கள்.

தடுப்பூசி வேண்டாம், மருத்துவமனையை நம்பமாட்டேன் என்கிற நோயாளியைப் பற்றிக் கேட்டால் "அவருக்குக் கற்பிப்பேன்" என்கிறார்கள். கற்பிப்பதற்கு முன் கேட்க மாட்டீர்களா? அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் (சிபிலிஸ்) இருந்த கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் வந்த பிறகும். இந்த நாட்டில் டாக்டராக வேண்டுமென்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியிலும் கேள்வி வரலாம், இரண்டு வாரம் போன ஆராய்ச்சி என்றால் இரண்டு வாரம் என்றே சொல்லுங்கள். கட்டுரையைக் கணினி எழுதித் தந்திருந்தால் அதில் என்ன இருக்கிறது என்றாவது படித்திருங்கள், போன வருடம் ஒரு பிள்ளை தன் கட்டுரையில் இருந்த கதையை முதல் முறையாக என் வாயிலிருந்துதான் கேள்விப்பட்டது. "தெரியாது" என்று சொல்லலாம். பத்து விநாடி யோசிக்கலாம். கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் முடிவு எப்போது வரும் என்று கேட்காதீர்கள். இப்போது அங்கே படிக்கும் மாணவர் எதிரில் இருந்தால் அவருக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். கேமரா கண்மட்டத்தில் இருக்கட்டும், சுவரில் தாள் ஒட்டாதீர்கள்.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரை, பள்ளி நூலகரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ, உட்கார வைத்து அவர் "ஏன், ஏன்" என்று கேட்கக் கேட்கப் பேசுங்கள். நான்கைந்து தடவை போதும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு முறை திரைக்கு வெளியிலிருந்து "வாலன்டியர் பண்ணினதைச் சொல்லு, அதைச் சொல்லு" என்று தமிழில் ஒரு கிசுகிசுப்பு வந்தது. குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் புரிய வேண்டியது மற்ற இருவருக்கும் புரிந்துவிட்டது. பிள்ளையின் முகம் சிவந்து போனதை இன்னும் மறக்க முடியவில்லை, அதற்கப்புறம் அந்தப் பிள்ளையால் ஒழுங்காகப் பேசவே முடியவில்லை. அந்த முக்கால் மணி நேரம் கடைக்குப் போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு இரவு வரைக்குமாவது.